2012-ல் வாங்கிய டெஸ்க்டாப் ரொம்ப ஸ்லோ: ரேம் போட்டால் போதுமா, வேறு வாங்க வேண்டுமா?

தண்டையார்பேட்டை மிஸ்:

எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் ஒன்பதாவது, பத்தாவது பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். கேள்வித்தாள், நோட்ஸ் அடிப்பது, பிரிண்ட் எடுப்பது, ராத்திரியில் தம்பி குரூப் 4-க்கு ஆன்லைன் டெஸ்ட் எழுதுவது எல்லாமே ஹாலில் இருக்கிற ஒரே டெஸ்க்டாப்பில்தான். 2012-ல் ரிச்சி தெருவில் அசெம்பிள் செய்து வாங்கியது. ஐ3-2120 பிராசசர், எச்61 போர்டு, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். முதலில் விண்டோஸ் 7 இருந்தது, அப்புறம் இலவசமாகக் கொடுத்தபோது விண்டோஸ் 10-க்கு மாறினோம்.

இப்போது பவர் பட்டனை அழுத்தினால் திரை வருவதற்கே ஐந்து நிமிஷம் ஆகிறது. வந்த பிறகும் எதைத் தொட்டாலும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. வேர்டில் ஒரு வரி அடித்துவிட்டுக் காத்திருந்தால் அப்புறம்தான் எழுத்து வருகிறது, நடுவில் 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று வெளுத்துப்போகிறது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் டிஸ்க் என்ற இடத்தில் 100 சதவீதம் என்று சிவந்தபடியே நிற்கிறது. போன வாரம் டெஸ்ட் முடிகிற நேரத்தில் தொங்கிப்போய் தம்பியால் சப்மிட் கொடுக்க முடியவில்லை, பாவம், அன்றைக்கு அவன் சாப்பிடவே இல்லை.

இன்னொன்று, கரண்ட் போய் வந்தால் கருப்புத் திரையில் எஃப்1 அழுத்தச் சொல்கிறது. தேதி பல வருஷம் பின்னால் போய்விடுகிறது. அன்றைக்கு எந்த வெப்சைட்டும் திறக்காது, பாதுகாப்பு இல்லை என்று எச்சரிக்கை வருகிறது.

இங்கே ஒருவர் வந்து பார்த்துவிட்டு இது முடிந்துபோன மெஷின், புதிது வாங்குங்கள் என்கிறார். இன்னொருவர் ரேமை 8 ஜிபி ஆக்கினால் பறக்கும் என்கிறார். தம்பி யூடியூப் பார்த்து ஒரு பூஸ்டர் சாப்ட்வேர் போட்டான், ஒன்றும் மாறவில்லை. சிஸ்டம் விவரத்தில் ரேம் 4.00 ஜிபி என்று போட்டு, பக்கத்திலேயே 3.16 ஜிபிதான் பயன்படுத்தலாம் என்று இருக்கிறது, அது ஏன் என்றும் தெரியவில்லை. ஸ்கூல் திறக்கிற மாசம், கையில் பெரிய தொகை இல்லை. எதற்குச் செலவு செய்தால் வீண் போகாது, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

காலடிப்பேட்டை சர்வீஸ்:

மிஸ், எதையும் வாங்குவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. கேள்வித்தாள், நோட்ஸ், வீட்டு போட்டோ எல்லாவற்றையும் இன்றைக்கே ஒரு பென்டிரைவிலோ வெளி ஹார்ட் டிஸ்கிலோ காப்பி எடுத்து வையுங்கள். வேகத்தைப் பற்றி அப்புறம் பேசலாம். மெஷின் போனால் வேறு மெஷின் வாங்கலாம், நீங்கள் வருஷக்கணக்காக உட்கார்ந்து அடித்த கேள்வித்தாளைக் கடையில் வாங்க முடியாது.

ஏன் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன் என்றால் அந்த 100 சதவீதம்தான் காரணம். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கம் போய் டிஸ்கைத் தொட்டால் கீழே ரீட் ஸ்பீட், ரைட் ஸ்பீட், ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம் என்று எண்கள் ஓடும். நல்ல ஹார்ட் டிஸ்க் என்றால் சாதாரண வேலையில் அந்த ரெஸ்பான்ஸ் டைம் பத்து, இருபது மில்லிசெகண்டில் இருக்கும், வேலை குவிந்தால் நூறைத் தாண்டும், திரும்ப இறங்கிவிடும். வேகம் நொடிக்கு ஒரு எம்பிகூட இல்லாமல், ரெஸ்பான்ஸ் டைம் மட்டும் ஆயிரம், இரண்டாயிரம் என்று போய் நின்றால் டிஸ்க் ஏதோ ஓர் இடத்தைப் படிக்க முடியாமல் திரும்பத் திரும்ப அதே இடத்தில் மோதிக்கொண்டிருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். அது படித்து முடிக்கிற வரைக்கும் விண்டோஸ், வேர்டு, குரோம் எல்லாம் வரிசையில் நிற்கும். உங்கள் 'நாட் ரெஸ்பாண்டிங்' அப்படித்தான் வருகிறது என்று நினைக்கிறேன்.

கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்று ஒரு இலவச சாப்ட்வேர் இருக்கிறது, அதைப் போட்டுத் திறந்து பாருங்கள். மேலே நீலத்தில் 'குட்' என்றோ மஞ்சளில் 'காஷன்' என்றோ காட்டும். அதோடு விட்டுவிடாமல் கீழே இருக்கிற பட்டியலில் 05, சி5, சி6, சி7 என்ற நாலு வரியைப் பார்த்து கடைசிக் கட்டத்தில் என்ன எண் இருக்கிறது என்று இங்கே எழுதுங்கள். 05 என்பது கெட்டுப்போய் டிஸ்க் தானே மாற்று இடம் கொடுத்துவிட்ட செக்டார்கள், அதாவது டிஸ்கில் தகவல் எழுதுகிற சின்னச் சின்னக் கட்டங்கள். சி5 என்பது படிக்க முடியாமல் இன்னும் முடிவு தெரியாமல் நிற்பவை, அதுதான் தொங்க வைப்பது. சி6 என்பது சோதித்துப் பார்த்தும் சரிசெய்ய முடியாதவை. சி7 மட்டும் ஏறியிருந்தால் டிஸ்கைத் திட்ட வேண்டாம், அது பெரும்பாலும் கேபிள் கோளாறு, டிஸ்கையும் போர்டையும் இணைக்கிற சாட்டா கேபிளைப் புதிதாகப் போட்டால் முடிந்துவிடும். அந்த எண்கள் பதினாறடிமான முறையில் வரும், ஏ, பி, சி எல்லாம் கலந்திருக்கும், குழம்ப வேண்டாம். பூஜ்யம் எந்த முறையில் எழுதினாலும் பூஜ்யம்தான்.

காப்பி எடுத்து முடிக்கிற வரைக்கும் செக் டிஸ்க் ஓட்டாதீர்கள், டிஃப்ராக் செய்யாதீர்கள். போகிற நிலையில் இருக்கிற டிஸ்கை மூலை முடுக்கெல்லாம் படிக்க வைத்தால் அந்த வேலையிலேயே போய்விடும். எத்தனையோ வீட்டில் பார்த்துவிட்டேன்.

இப்போது ரேம். 3.16 ஜிபி என்று காட்டுகிறதே, அது மிக நல்ல துப்பு. அதே பக்கத்தில் சிஸ்டம் டைப் என்ற வரியில் 32 பிட் என்று இருக்கிறதா பாருங்கள். இருக்கும் என்றே நினைக்கிறேன். அந்தக் காலத்தில் அசெம்பிள் செய்து கொடுத்தவர்கள் நிறையப் பேர் 32 பிட் விண்டோஸ் 7 போட்டுத்தான் கொடுத்தார்கள், அதிலிருந்து இலவசமாக 10-க்கு ஏற்றினால் அதுவும் 32 பிட்டாகவேதான் ஏறும். 32 பிட் விண்டோஸால் மொத்தமே 4 ஜிபிக்கு மேல் எண்ண முடியாது, அதிலும் போர்டு, டிஸ்ப்ளேவுக்கு என்று ஒரு பகுதி போய்விடும். அந்த நிலையில் 8 ஜிபி போட்டாலும் 16 ஜிபி போட்டாலும் அதே 3 சொச்சம்தான். ரேம் போட்டால் பறக்கும் என்று சொன்னவர் இதைப் பார்த்தாரா?

ராயபுரம் 13:

சிஸ்டர், எனக்கு வேறு கருத்து. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் சப்போர்ட் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 போடலாம் என்றால் இன்டெல்லில் 8-ஆம் தலைமுறையோ அதற்கு மேலோ இருக்க வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். உங்களுடையது 2-ஆம் தலைமுறை, 2011-ல் வந்த பிராசசர். குறுக்கு வழியில் ஏற்றலாம் என்று வீடியோ போடுகிறார்கள், ஆனால் அப்டேட் தொடர்ந்து வருமா என்பதற்கு மைக்ரோசாஃப்ட் பொறுப்பு எடுத்துக்கொள்ளாது. இதில் ரேமுக்கும், ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாகப் போடுகிற எஸ்எஸ்டிக்கும் கொட்டுகிற காசோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து, ஆபீஸிலிருந்து கழித்துக் கொடுத்த 8-ஆம் தலைமுறை ஐ5 சின்ன பெட்டி ஒன்று வாங்கினால் விண்டோஸ் 11-உடனேயே வரும், அடுத்த சில வருஷத்துக்குக் கவலை இல்லை. தம்பி டெஸ்ட் எழுதுகிறான் என்கிறீர்கள், அதற்காகச் சொல்கிறேன். வாங்குவதாக இருந்தால் பில், வாரன்டி இல்லாமல் வாங்காதீர்கள், கடையிலேயே ஆன் செய்து பிராசசர் மாடலைக் கண்ணால் பாருங்கள். ஐ5 என்று மட்டும் சொல்லி 4-ஆம் தலைமுறையைத் தலையில் கட்டுவார்கள்.

எண்ணூர்வாசி:

மேடம், எல்லோரும் உள்ளே இருக்கிற சாப்ட்வேரையும் டிஸ்கையும் பற்றிச் சொல்கிறார்கள், நான் கேபினெட் மூடியைத் திறந்து பார்த்தீர்களா என்று கேட்கிறேன். நம் பக்கத்துக் காற்று வேறு. கடல் ஓரம் என்பதால் உப்பு, அனல்மின் நிலையச் சாம்பல், துறைமுகத்துக்கு ஓடுகிற கன்டெய்னர் லாரி கிளப்புகிற புழுதி, எல்லாம் சேர்ந்து படிவது வெறும் தூசி இல்லை. உப்பு ஈரத்தை இழுக்கும், அதனால் அந்தப் படலம் பிசுபிசு என்று ஒட்டிக்கொண்டு ஃபேன் இறக்கையில் கருப்பாகப் படியும். பிராசசர் மேல் இருக்கிற அலுமினிய ஹீட் சிங்கில் ஃபேனுக்கு அடியில் கம்பளி மாதிரி ஒரு அடுக்கு கட்டியிருக்கும், ஃபேனைக் கழற்றினால்தான் அது கண்ணில் படும். காற்று உள்ளே போகாமல் சூடு ஏறினால் பிராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். சித்திரை, வைகாசி மத்தியானத்தில் மட்டும் கூடுதலாக ஸ்லோ ஆகிறதென்றால் இதுவும் ஒரு காரணம். கோர் டெம்ப் என்ற இலவச சாப்ட்வேரில் சூட்டைப் பார்க்கலாம். சும்மா இருக்கும்போதே 70 டிகிரியைத் தாண்டினால் சுத்தம் செய்தே ஆக வேண்டும்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய் புளோயர் அடியுங்கள். வீட்டுக்குள் அடித்தால் அன்றைக்கு முழுக்கத் தும்மல். அடிக்கும்போது ஃபேன் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், காற்று வேகத்தில் தாறுமாறாகச் சுற்றினால் பேரிங் போய்விடும். ரேமைக் கழற்றிப் பார்த்தால் தங்க நிறக் கோடுகள் மங்கிக் கருத்திருக்கும், பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகள் இல்லாமல் துடைத்து, 'டக்' என்று இரண்டு பக்கமும் பூட்டு விழும்படி திரும்ப மாட்டுங்கள். அதற்கு முன் கேபினெட்டின் இரும்பை ஒரு தடவை தொட்டுவிட்டு வேலையை ஆரம்பியுங்கள், கையில் இருக்கிற ஸ்டாடிக் இறங்கிவிடும்.

தேதி பின்னால் போவது போர்டில் இருக்கிற வட்ட பேட்டரி, சிஆர்2032. கைக்கடிகாரக் கடையில்கூடக் கிடைக்கும். தேதி தப்பாக இருந்தால் வெப்சைட்டின் பாதுகாப்புச் சான்றிதழ் காலம் ஒத்துப்போகாது, அதனால்தான் எதுவும் திறப்பதில்லை. இது மிகச் சின்னச் செலவு, முதலில் இதைச் செய்யுங்கள்.

இன்னொரு விஷயம், பெட்டி தரையில் இருந்தால் ஒரு ஸ்டூல் மேல் ஏற்றுங்கள். தூசிக்காகவும்தான், மழைக்காகவும்தான். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் தெருவில் தரையில் வைத்திருந்த எதுவும் தப்பவில்லை.

தண்டையார்பேட்டை மிஸ்:

எல்லோருக்கும் நன்றி. சர்வீஸ் அண்ணா சொன்னபடி முதலில் காப்பி எடுத்தேன். கேள்வித்தாள் முழுக்க வந்துவிட்டது. போட்டோவில் ஒரு ஃபோல்டர் மட்டும் பாதியில் நின்று, படிக்க முடியவில்லை என்று எரர் வந்தது, அதை விட்டுவிட்டு மற்றதை எடுத்தேன். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் மஞ்சள், காஷன். 05-ல் ஏதோ எண் இருக்கிறது, சி5-லும் சி6-லும் 18 என்று இருக்கிறது, சி7 பூஜ்யம். ரெஸ்பான்ஸ் டைம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாலாயிரத்தைத் தாண்டியது. சிஸ்டம் டைப் 32 பிட்தான் அண்ணா. ரேம் சிலாட் இரண்டு, ஒன்று காலியாக இருக்கிறது.

எண்ணூர் சார் சொன்ன மாதிரி ஃபேனுக்கு அடியில் அப்படியே ஒரு போர்வை இருந்தது. தம்பி சுத்தம் செய்தான், சத்தம் குறைந்திருக்கிறது, ஆனால் வேகம் மாறவில்லை. பேட்டரி மாற்றியாகிவிட்டது, தேதி இப்போது நிற்கிறது. ராயபுரம் சார் சொல்வதும் நியாயமாகத்தான் தெரிகிறது. இப்போது என்ன செய்வது?

காலடிப்பேட்டை சர்வீஸ்:

சரி, நோய் தெரிந்துவிட்டது. டிஸ்க் போகிற வழியில் இருக்கிறது. அந்த 18 பதினாறடிமான முறையில் 18 என்றால் நம் கணக்கில் 24 செக்டார். 24 என்பது சின்ன எண் மாதிரி தோன்றும், ஆனால் ஒவ்வொன்றிலும் மோதும்போது மெஷினே நின்றுவிடுகிறது, இனி அது ஏறிக்கொண்டுதான் போகும். அந்த ஒரு போட்டோ ஃபோல்டர் மிகவும் முக்கியம் என்றால் இனி அந்த டிஸ்கை ஆன் செய்யவே வேண்டாம், கெட்டுப்போகிற டிஸ்கிலிருந்து ஃபைல்களை மீட்கிற டிடிரெஸ்க்யூ சாப்ட்வேர் தெரிந்த ஆளிடம் கொடுங்கள், அது முதலில் நல்ல பகுதியையெல்லாம் எடுத்துவிட்டுக் கடைசியில்தான் கெட்ட இடத்துக்குத் திரும்பி வரும்.

ராயபுரம் நண்பர் சொல்வதை நான் மறுக்கவில்லை. கையில் காசு இருந்தால் அதுவும் நல்ல வழிதான். ஆனால் காசு இறுக்கமாக இருக்கும்போது எதை முதலில் வாங்குவது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. இன்றைக்கு வாங்குகிற 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி, நாளைக்கு நீங்கள் வேறு பெட்டி வாங்கினாலும் அதில் மாட்டிக்கொள்ளலாம், கூடவே வரும். உங்கள் போர்டுக்கான பழைய வகை டிடிஆர்3 ரேம் வராது, அது இந்தப் போர்டோடு முடிந்துவிடும். அதனால் எஸ்எஸ்டிக்குப் புதிதாக, பில்லோடு, வாரன்டியோடு செலவு செய்யுங்கள். ரேம் செகண்ட் ஹேண்டே போதும்.

எஸ்எஸ்டி ஏன் இவ்வளவு மாற்றம் தரும் என்று கேட்பீர்கள். உங்கள் ஹார்ட் டிஸ்கில் தட்டு நிமிஷத்துக்கு 7200 தடவை சுற்றும் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதாவது ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிசெகண்ட். ஒரு சின்ன ஃபைலைப் படிக்க, ஊசி அந்த வட்டத்துக்கு நகர வேண்டும், அப்புறம் அந்த இடம் சுற்றிக்கொண்டு கீழே வர வேண்டும், எல்லாம் சேர்த்து சராசரி 13 மில்லிசெகண்ட் போகும். நொடிக்கு எண்பது இடத்தைத் தொட்டாலே பெரிய விஷயம். விண்டோஸ் ஆரம்பிக்கும்போது தொட வேண்டிய சின்னச் சின்ன ஃபைல்கள் ஆயிரக்கணக்கில். ரேஷன் கடையில் பில் போடுகிறவரே எழுந்து போய் அரிசியும் அளந்து கொடுக்கிற நாளில் வரிசை எப்படி நகருமோ அப்படி நகரும். எஸ்எஸ்டியில் சுற்றுவது, நகர்வது எதுவுமே இல்லை, ஒரு இடத்தைத் தொட 0.1 மில்லிசெகண்ட் அளவுதான். எச்61 போர்டில் சாட்டா 2 போர்ட்தான், அதனால் எஸ்எஸ்டி பெட்டி மேல் போட்டிருக்கிற 500 எம்பி வேகம் உங்களுக்குக் கிடைக்காது, 270 பக்கம் வரும். கவலையே வேண்டாம், உங்கள் கஷ்டம் தீர்வது அந்தப் பெரிய எண்ணால் இல்லை, இந்தச் சின்னத் தொடுதல்களால்.

கடைக்குப் போனால் எம்.2 என்று சூயிங்கம் பட்டை மாதிரி இருப்பதைக் காட்டுவார்கள், அதை மாட்ட உங்கள் போர்டில் இடம் கிடையாது. 2.5 இன்ச் சாட்டா என்று கேளுங்கள், 240 அல்லது 256 ஜிபி போதும். கூடவே ஒரு சாட்டா கேபிள் வாங்குங்கள், பழையதை நம்ப வேண்டாம். 2025 கடைசியிலிருந்து ரேம், எஸ்எஸ்டி விலை ஏறிக்கொண்டிருக்கிறது, அதனால் இரண்டு மூன்று கடை கேட்டுவிட்டு வாங்குங்கள். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் நேராக அரசினர் தோட்டத்தில் இறங்கி ரிச்சி தெருவுக்கு நடந்துவிடலாம், ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகாதீர்கள்.

ரேம் வாங்கும்போது இருக்கிறதைக் கழற்றி எடுத்துக்கொண்டு போங்கள். டெஸ்க்டாப் டிடிஆர்3, 1.5 வோல்ட், 4 ஜிபி ஒன்று. காலி சிலாட்டில் போட்டால் மொத்தம் 8 ஜிபி, இரண்டும் சேர்ந்து டூயல் சேனலில் ஓடும், உங்கள் மாதிரி தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத மெஷினுக்கு அது நல்லது. 8 ஜிபி ஒரே ரேம் மலிவாகக் கிடைக்கிறதே என்று எடுத்துவிடாதீர்கள், ஏஎம்டி போர்டில் மட்டும் ஓடுகிற டிடிஆர்3 ரேம்கள் சந்தையில் நிறையச் சுற்றுகின்றன, இன்டெல் போர்டில் போட்டால் திரையே வராது. மாற்றித் தருவேன் என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.

விண்டோஸைப் பழைய டிஸ்கிலிருந்து அப்படியே குளோன் செய்ய வேண்டாம். கெட்ட செக்டாரோடு குளோன் பாதியில் நிற்கும், நிற்காமல் முடிந்தாலும் அந்த 32 பிட்டும் கூடவே வந்துவிடும். புதிதாக 64 பிட் விண்டோஸ் 10 போடுங்கள். லைசென்ஸ் இந்த மதர்போர்டின் பெயரில் மைக்ரோசாஃப்டிடம் பதிவாகியிருக்கும், அதே ஹோம் அல்லது அதே ப்ரோ எடிஷன் போட்டால் 64 பிட்டிலும் தானே ஆக்டிவேட் ஆகும், கீ கேட்கிற இடத்தில் என்னிடம் கீ இல்லை என்று கொடுத்துத் தாண்டிவிடுங்கள். போடுவதற்கு முன் பயாஸில், அதாவது விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கிற போர்டு செட்டிங்கில், சாட்டா மோட் ஏஎச்சிஐ என்று இருக்கிறதா பாருங்கள், ஐடிஇ என்று இருந்தால் மாற்றிவிட்டு அப்புறம் ஆரம்பியுங்கள். போட்ட பிறகு மாற்றினால் நீலத் திரை. முக்கியமாக, விண்டோஸ் போடும்போது பழைய ஹார்ட் டிஸ்கின் கேபிளைக் கழற்றி வையுங்கள். இல்லாவிட்டால் பூட் ஃபைல் பழைய டிஸ்கில் போய் உட்கார்ந்துகொள்ளும், நாளைக்கு அந்த டிஸ்க் செத்ததும் எஸ்எஸ்டி நன்றாக இருந்தும் மெஷின் எழாது.

அந்த பூஸ்டர் சாப்ட்வேர் புது விண்டோஸில் திரும்ப வரக் கூடாது. ரேம் கிளீனர், ரெஜிஸ்ட்ரி கிளீனர் எதுவும் வேண்டாம், தனி ஆன்டிவைரஸும் வேண்டாம், விண்டோஸோடு வருகிற டிஃபென்டர் உங்களுக்குப் போதும். டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பக்கம் போய்த் தேவையில்லாததை நிறுத்துங்கள், அவ்வளவுதான். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட்டுக்குச் சேரச் சொல்லி ஒரு சுட்டி வரும், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை பேக்கப் செய்யச் சம்மதித்தால் காசு இல்லாமலே சேரலாம், 2026 அக்டோபர் 13 வரை அப்டேட் வரும். தம்பி பரீட்சைக்குப் படிக்கிற காலம் அதில் ஓடிவிடும், அதற்குள் ராயபுரம் நண்பர் சொன்ன பெட்டிக்கு மெதுவாகச் சேர்க்கலாம்.

ராயபுரம் 13:

எஸ்எஸ்டி கூடவே வரும் என்பது சரியான பாயின்ட், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த அக்டோபர் தேதிக்குப் பிறகு இந்த மெஷினில் பேங்க் வேலை, நெட் பேங்கிங் எதுவும் செய்யாதீர்கள் சிஸ்டர். அது மட்டும் என் வேண்டுகோள்.

வியாசர்பாடி பென்குயின்:

அக்கா, அந்தத் தேதிக்குப் பிறகும் மெஷினைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. விண்டோஸுக்குப் பதிலாகப் போடுகிற லினக்ஸ் மின்ட் 22, அதில் எக்ஸ்எஃப்சிஇ என்ற லேசான எடிஷன், 2029 ஏப்ரல் வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு, இலவசம். உங்கள் ஐ3-யும் 8 ஜிபியும் அதற்கு தாராளம். பென்டிரைவில் எழுதி அதிலிருந்தே பூட் செய்து பார்க்கலாம், எஸ்எஸ்டியில் கை வைக்காது. பிடித்தால் மட்டும் போடுங்கள். எங்கள் தெருவில் இருக்கிற நூலகத்துக்கு வருகிற பசங்களுக்கு நான் இதைத்தான் போட்டுக் கொடுக்கிறேன், ஆன்லைன் டெஸ்ட், யூடியூப், பிடிஎஃப் எல்லாம் ஃபயர்ஃபாக்ஸிலேயே ஓடிவிடுகிறது.

தமிழ் அடிக்க ஐபஸ் என்ற சாப்ட்வேர் போட்டு அதில் தமிழ்99 கீபோர்டு முறையைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் உங்கள் பழைய கேள்வித்தாள் எந்த எழுத்துருவில் அடித்தது என்று முதலில் பாருங்கள். யூனிகோட் என்றால் லிப்ரே ஆபீஸில் அப்படியே திறக்கும், பக்கம் பிரியும் இடம் மட்டும் கொஞ்சம் தள்ளும். பாமினி மாதிரி பழைய எழுத்துரு என்றால் அந்த ஃபான்ட் ஃபைலைக் கூடவே எடுத்து வையுங்கள், இல்லாவிட்டால் எல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். விண்டோஸைப் புதிதாகப் போட்டாலும் இதே கதைதான், அதனால் பழைய டிஸ்கைக் கழற்றுவதற்கு முன்னால் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கிற ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் சேர்த்துக் காப்பி எடுங்கள். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

தண்டையார்பேட்டை மிஸ்:

நல்லவேளை சொன்னீர்கள் தம்பி, பாதி கேள்வித்தாள் பாமினியில்தான் இருக்கிறது. ஃபான்ட்ஸ் ஃபோல்டரை இப்போதே எடுத்துவிட்டேன். சனிக்கிழமை ரிச்சி தெரு போகிறோம், எஸ்எஸ்டியும் 4 ஜிபி ரேமும் மட்டும். ஒரே ஒரு சந்தேகம், பிரிண்டர் கேனன் எல்பிபி 2900. புது விண்டோஸில் ஓடுமா? பிரிண்ட் இல்லாவிட்டால் எனக்கு வேலையே இல்லை.

காலடிப்பேட்டை சர்வீஸ்:

ஓடும் மிஸ். பழைய சிடியில் இருக்கிற டிரைவரைப் போடாதீர்கள், கேனன் தளத்தில் 64 பிட்டுக்கு என்று தனியாக இருப்பதை இறக்கி பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிரிண்டர் யூஎஸ்பி கேபிளைக் கழற்றிவிட்டு டிரைவர் நிறுவ ஆரம்பியுங்கள், அது கேட்கும்போது மட்டும் சொருகுங்கள். பிற்காலத்தில் லினக்ஸுக்குப் போவதாக இருந்தால் இந்தப் பிரிண்டருக்கு கேனனின் கேப்ட் டிரைவர் தனியாகப் போட வேண்டியிருக்கும், அது கொஞ்சம் மெனக்கெடும் வேலை, அன்றைக்கு வியாசர்பாடி தம்பியைக் கேளுங்கள்.

சனிக்கிழமை விண்டோஸ் போட்டதும் முதலில் அப்டேட் முழுக்க ஓடி முடியட்டும். அது முடிகிற வரைக்கும் புது எஸ்எஸ்டியிலும் கொஞ்ச நேரம் இழுக்கும், பயப்படாதீர்கள். பழைய டிஸ்கைக் கழற்றி, மேலே தேதி எழுதி, துணியில் சுற்றி பீரோவில் வையுங்கள். காப்பி எடுத்ததில் ஏதாவது விட்டுப்போயிருந்தால் அப்போது தேவைப்படும்.